30 வயசிலேயே ‘மாஸ்டர்’! உள்ளூர்க் குழுவோடு சைக்கிள் பந்தயத்தில் இறங்குமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி. இன்னும் விடியவில்லை.

யாரையாவது வழியனுப்பச் சாங்கி விமான நிலையத்துக்குப் போன சமயத்தில் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். விமான நிலையத்தை ஒட்டிய கடலோரச் சாலை. தூரத்தில் சின்னச் சின்ன விளக்குகள். ‘விர்ர்’ என்று ஒரு சத்தம். ஒரே நிறச் சட்டையில் எட்டுப் பத்துப் பேர். ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்கள்.

முன்னால் இழுத்துக்கொண்டு போனவருக்கு நரைத்த தாடி. கவனித்தீர்களா?

அவர் சம்பளம் வாங்கிச் சைக்கிள் ஓட்டுபவர் இல்லை. ஆசிரியராக இருக்கலாம், பொறியாளராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம். நாளைக்குத் திங்கட்கிழமை. அவர் வேலைக்குப் போகணும்.

அந்தத் திங்கட்கிழமையை மறக்காமல் பந்தயத்தில் இறங்குவது எப்படி? அதுதான் இந்தக் கட்டுரை.

மாஸ்டர்ஸ் என்றால் யார்?

‘மாஸ்டர்ஸ்’ என்றதும் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் நினைவுக்கு வந்தால், ஒரு சின்ன அதிர்ச்சி. யூசிஐ எனும் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கத்தின் விதிப்படி, 30 வயதிலிருந்தே நீங்கள் மாஸ்டர்ஸ் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆமாம், 30!

வயதைக் கணக்கிடும் முறையும் கொஞ்சம் வேறு. பிறந்தநாள் வந்துவிட்டதா இல்லையா என்று பார்ப்பதில்லை. போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிப்பார்கள். அவ்வளவுதான். டிசம்பரில் பிறந்தவரும் ஜனவரியில் பிறந்தவரும் ஒரே பிரிவுதான்.

உள்ளூர்ப் போட்டிகளில் ஏற்பாட்டாளரைப் பொறுத்து அந்த எல்லை மாறும். சில போட்டிகளில் 35 வயதுக்கு மேல்தான் மாஸ்டர்ஸ், சிலவற்றில் 40. பதிவு செய்யுமுன் போட்டி விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். சில போட்டிகளுக்குச் சம்மேளனத்தின் உரிமமும் தேவைப்படும். பெண்கள் பிரிவில் போட்டியாளர்கள் குறைவாக இருந்தால் பல வயதினரையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவிடுவதுண்டு.

யூசிஐ நடத்தும் கிரான் ஃபொன்டோ உலகப் போட்டிகளில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கிறார்கள்: 35-39, 40-44, 45-49 என்று மேலே போகும். இறுதிப் போட்டியில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் வெல்பவருக்கு, உலக வெற்றியாளர்கள் அணியும் அதே வானவில் சட்டை கிடைக்கும்.

இன்னொரு விஷயம். மாஸ்டர்ஸ் என்பதால் வேகம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 20 ஆண்டு அனுபவம் உள்ள 45 வயதுக்காரர், ஜிம்மில் பலத்தைக் காட்டும் 25 வயதுக்காரரை முதல் பத்து நிமிடத்திலேயே திணறவிடுவது சாதாரணம். அவர் எப்போது முயற்சி செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

தனியாக ஓட்டினால் போதாதா? குழு எதற்கு?

இதற்குப் பதில் காற்றில் இருக்கிறது.

சமதளச் சாலையில் வேகமாகப் போகும்போது உங்கள் பலத்தின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் கூடக் கூட அந்தச் செலவு மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால், காற்றுக்காகச் செலவாகும் சக்தி எட்டு மடங்கு. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 40 கிலோமீட்டருக்குப் போவது கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் காற்றுக்கு மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல் பலம் தேவை.

இப்போது ஒருவரின் பின்னால் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். அவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், நீங்கள் அந்த மறைவில் போவீர்கள். இதைத்தான் ‘டிராஃப்டிங்’ என்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் லாபம். 121 சைக்கிளோட்டிகள் கொண்ட கூட்டத்தைக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரி வைத்து 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் இருப்பவர்கள், தனியாகப் போகிறவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே சந்திக்கக்கூடும் என்று காட்டியது.

அதனால்தான் சைக்கிள் பந்தயம் தனிநபர் விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் உண்மையில் குழு விளையாட்டு. ஒருவர் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்தால், அவருடைய குழுவினர் துரத்தலில் பங்கெடுக்கமாட்டார்கள். மற்ற குழுக்கள்தான் வேலை செய்து சோர்ந்துபோகணும். கடைசி ஒரு கிலோமீட்டரில் ஒருவர் தன் முழுப் பலத்தையும் கொடுத்து இழுப்பார். பின்னால் மறைவில் வந்த குழுத்தோழர் கடைசி 200 மீட்டரில் வெளியே வந்து கோட்டைத் தாண்டுவார். படத்தில் ஒருவர்தான் கையைத் தூக்கி நிற்பார். ஆனால் வென்றது இருவரும்.

சின்னத் தீவில் எங்கே பயிற்சி? எங்கே பந்தயம்?

சிங்கப்பூரில் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. சுமார் 164 மீட்டர். மலையேற்றம் பழகணும் என்றால் மவுண்ட் ஃபேபரில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதுதான் வழி. நீண்ட தூரத்துக்கு மண்டாய், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் போவார்கள். வேகப் பயிற்சிக்குச் சாங்கி.

இவை எல்லாமே பொதுச் சாலைகள். அதனால் விதிகள் உண்டு. மறக்கவே கூடாதவை இவை:

• சாலையில் ஓட்டும்போது தலைக்கவசம் கட்டாயம். 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள விதி.

• 2022 ஜனவரி 1 முதல், ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களைத் தாண்டக்கூடாது. ஒற்றை வரிசை என்றால் 5 பேர். இருவர் இருவராக ஓட்டினால் 10 பேர்.

• ஒற்றைத் தடச் சாலைகளில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டக்கூடாது. பேருந்துத் தடம் செயல்படும் நேரத்தில் அந்தத் தடத்திலும் கூடாது.

• இரண்டு குழுக்களுக்கு நடுவே சுமார் 30 மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையிலான தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

• விரைவுச்சாலைப் பக்கமே போகக்கூடாது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும்.

சாலை விதிகளை மீறும் சைக்கிளோட்டிகளுக்கான அபராதமும் அந்த 2022 மாற்றத்தின்போதே 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளிக்கு உயர்ந்தது.

சரி, பந்தயம்? சாலையை மூடினால்தான் பந்தயம் நடத்த முடியும். நம் தீவில் சாலையை மூடுவது லேசான காரியம் இல்லை. அதனால் உள்ளூரில் வாய்ப்புகள் குறைவு. 2009இல் தொடங்கிய ஓசிபிசி சைக்கிள் போன்ற நிகழ்ச்சிகளில் பெரும்பாலோர் பொழுதுபோக்காகத்தான் கலந்துகொள்கிறார்கள். நீண்ட சாலைப் பந்தயம் வேண்டும் என்றால் பலரும் எல்லை தாண்டுகிறார்கள். வடக்கே ஜொகூர். தெற்கே இந்தோனேசியாவின் பாத்தாம், பிந்தான் தீவுகள். படகில் சைக்கிளோடு ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பிந்தான். அங்கே நடக்கும் டூர் டி பிந்தான், யூசிஐ கிரான் ஃபொன்டோ தொடரின் தகுதிச் சுற்றாகவும் இருந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பயிற்சியில் உங்களைச் சுற்றி அதிகபட்சம் ஒன்பது பேர். பந்தயத்திலோ ஐம்பது அறுபது பேர் இருக்கலாம். அந்தப் பெரிய கூட்டத்தை முதன்முதலாகப் பார்ப்பதே பந்தய நாளில்தான்! புதியவர்கள் பதறுவது இதனால்தான். பதற்றத்தில் திடீரென பிரேக் பிடிப்பதும் இதனால்தான்.

கிரிட்டீரியம்: ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி!

நகரப் பந்தயங்களில் பிரபலமான வகை கிரிட்டீரியம். 2022இல் மரினா பேயில் டூர் டி பிரான்ஸ் பெயரில் நடந்ததே, அதுதான். அந்த ஆண்டின் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் ஜோனாஸ் விங்கெகோர் அங்கேயும் முதலில் வந்தார்.

உள்ளூர்ப் பந்தயங்களிலும் முறை அதேதான். ஒன்றிரண்டு கிலோமீட்டர் வட்டம், கூர்மையான வளைவுகள். பல போட்டிகளில் நேரத்தைத்தான் அறிவிப்பார்கள். உதாரணத்துக்கு, 40 நிமிடமும் அதற்குமேல் சில சுற்றுகளும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். தலைமைக் கூட்டம் உங்களைச் சுற்றி வந்து பிடிக்கும் நிலை வந்தால், நடுவர் உங்களை வெளியே அழைத்துவிடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதல் பந்தயத்தில் அது பலருக்கும் நடப்பதுதான்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பயந்துபோய்க் கடைசியில் ஒதுங்கி ஓட்டுவதுதான் ஆகச் சிரமம். வளைவில் முன்னால் இருப்பவர்கள் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமல் திரும்பிவிடுவார்கள். பின்னால் போகப் போக நெரிசல் கூடும். கடைசியில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்று, மறுபடி முழு வேகத்தில் பாயணும். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சுற்றிலும். கால்கள் அங்கேயே தீர்ந்துவிடும். முன்னால் உள்ள மூன்றில் ஒரு பகுதியில் இருப்பது சுலபம், பாதுகாப்பும்கூட.

கால் பலம் இருக்கு. வேறென்ன வேணும்?

நம்பிக்கை வேணும். உங்கள்மேல் மற்றவர்கள் வைக்கும் நம்பிக்கை.

கூட்டத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து எப்படி நடக்கிறது தெரியுமா? உங்கள் முன்சக்கரத்தின் பக்கவாட்டு, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் லேசாக உரசுகிறது. பெரும்பாலும் முன்னால் போகிறவருக்கு எதுவும் ஆகாது. விழுவது நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் உங்கள்மேல் விழுவார்கள். சைக்கிள் பந்தயங்களில் அதிகம் உடையும் எலும்புகளில் ஒன்று, தோள்பட்டைக்கு முன்னால் உள்ள காறையெலும்பு. விழும்போது கையை ஊன்றினாலும் தோளில் விழுந்தாலும் அடி அங்கேதான் போய்ச் சேரும்.

அப்புறம் திங்கட்கிழமை என்ன ஆகும்? மடிக்கணினிப் பையைத் தூக்க முடியாது. பிள்ளையைத் தூக்க முடியாது.

அதனால் நல்ல குழுவில் முதலில் சொல்லிக்கொடுப்பது வேகத்தை அல்ல, பழக்கத்தை.

• நேர்கோட்டில் ஓட்டுவது. தண்ணீர் குடிக்கும்போதும், பின்னால் திரும்பிப் பார்க்கும்போதும் சைக்கிள் ஆடக்கூடாது.

• முன்னால் உள்ளவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வராமல் பார்த்துக்கொள்வது.

• முன்சக்கரத்தையே முறைத்துப் பார்க்காமல், இரண்டு மூன்று பேருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

• குழியோ, நிற்கும் காரோ வந்தால் கையாலும் குரலாலும் பின்னால் சொல்வது. கடைசி ஆள் காதுவரை அது போய்ச் சேரணும்.

• முன்னால் இழுக்கும் முறை உங்களுக்கு வரும்போது வேகத்தைக் கூட்டாமல், அதே வேகத்தில் போவது. நிறைய பேர் இங்கேதான் தப்புப் பண்ணுவார்கள். ‘நான் எவ்வளவு பலசாலி பாருங்க’ என்று காட்டப்போய்ப் பின்னால் வரிசை அறுந்துபோகும்.

இவற்றைக் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒருத்தர் ஓட்டிக்கொண்டே ‘தோளைத் தளர்த்துங்க, பிரேக்கைத் தொடாதீங்க’ என்று சொன்னால்தான் வரும். விலை உயர்ந்த சைக்கிளைக் கடையில் வாங்கலாம். இதைக் குழுவில்தான் வாங்க முடியும்.

வயசானா உடம்பு ஒத்துழைக்குமா?

உண்மையைச் சொல்லிவிடலாம். 30 வயதுக்குப் பிறகு, உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய உயிர்வாயுவின் அளவு பத்து ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறையும். தொடர்ந்து கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அந்தச் சரிவு ஏறத்தாழ பாதியாக இருக்கலாம். உச்ச இதயத்துடிப்பும் குறையும். அதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. காயமும் களைப்பும் ஆற முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ரோபேர் மார்ஷான் 2012இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! வயது கூடியது, தூரமும் கூடியது. ஆய்வாளர்கள் அவரைச் சோதித்தபோது, இடைப்பட்ட காலப் பயிற்சியால் அவரது உயிர்வாயுத் திறன் சுமார் 13 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2021இல், 109 வயதில் காலமானார்.

அவர் எப்படிப் பயிற்சி செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 80 விழுக்காடு சுலபமான வேகத்தில், 20 விழுக்காடு மட்டும் கடுமையாக. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாரம் முழுக்க வேலை, கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறோம். பிறகு எப்போதும் களைப்பு.

வீவக வீட்டில் இடம் இருந்தால், சைக்கிளைப் பொருத்தி ஓட்டும் பயிற்சிக் கருவி வார நாள்களில் கைகொடுக்கும். கீழ்வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை எடைப் பயிற்சியும் வேணும். காரணம்? சைக்கிள் ஓட்டும்போது உடம்பின் எடையைச் சைக்கிளே தாங்கிக்கொள்கிறது, எலும்புக்கு வேலை இல்லை. சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களின் முதுகெலும்பில் எலும்படர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழ வாய்ப்புள்ள விளையாட்டில் பலவீனமான எலும்பு நல்லதில்லையே.

நீண்ட ஓட்டத்தில் சாப்பாடும் பயிற்சியின் ஒரு பகுதிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம் இருக்கும். கணக்குப் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க: இருதயம்

35 வயதுக்கு மேற்பட்டவர்கள் விளையாடும்போது திடீரென இறப்பதற்கு ஆகப் பெரிய காரணம் இருதய ரத்தக்குழாய் அடைப்பு. தெற்காசிய வம்சாவளியினருக்கு இருதய நோயும் நீரிழிவும் சற்று இளம் வயதிலேயே வரும் அபாயமும் அதிகம். அதாவது நாம். ‘அப்பாவுக்கு 50 வயசில் பைபாஸ்’ என்று வீட்டில் யாராவது சொல்லக் கேட்டிருந்தால், அது உங்களுக்கான தகவல்.

எனவே பந்தயத்துக்குப் பதிவு செய்யுமுன் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் சோதித்துவிடுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். காய்ச்சல் இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். கிருமித்தொற்றின்போது கடுமையாக உடற்பயிற்சி செய்வது இருதயத் தசையைப் பாதிக்கலாம்.

ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறீர்களா? ஊக்கமருந்து விதிகளும் மாஸ்டர்ஸ் பிரிவுக்குப் பொருந்தும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றில் சிறுநீர் பெருக்கிகள் கலந்திருக்கும், அவை தடைசெய்யப்பட்டவை. இன்சுலினும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்! மருத்துவ விலக்குக் கோர வழி இருக்கிறது. சம்மேளனத்திடம் கேளுங்கள்.

எந்தக் குழுவில் சேர்வது?

சட்டை அழகாக இருக்கிறதா என்று பார்த்துச் சேராதீர்கள். ஒருநாள் கூடவே ஓட்டிப் பார்த்து, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

• புதியவர் பின்தங்கினால் காத்திருப்பார்களா, விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

• சிவப்பு விளக்கில் எல்லாரும் நிற்கிறார்களா? குழுத்தலைவர் நிற்கிறாரா?

• பத்துப் பேருக்கு மேல் வந்தால் குழுவைப் பிரிக்கிறார்களா?

• முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டார்களா?

• ‘உங்களுக்கு இன்னும் பந்தயத்துக்கு நேரம் வரல’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் யாருக்காவது இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஆமாம்’ என்றால், அந்தக் குழுவில் தாராளமாகச் சேரலாம். முதல் சில மாதங்கள் சேர்ந்து ஓட்டுங்கள். பிறகு ஆரம்பநிலைப் பிரிவில் ஒரு பந்தயம். வெல்வதை மறந்துவிட்டு, கூட்டத்தோடு கடைசிவரை இருப்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தை மட்டும் மறுபடி போடாதீர்கள், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் புதிது வாங்கிவிடுங்கள்.

காலை 9 மணிவாக்கில் ஏதாவது ஒரு காப்பிக் கடைப் பக்கம் போனால், அதே ஒரே நிறச் சட்டைக்காரர்களைப் பார்க்கலாம். சைக்கிள்கள் சுவரில் சாய்ந்திருக்கும். மேசையில் தே தாரிக், பராட்டா. யார் முதலில் வந்தது என்பது பற்றிச் சத்தமான வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்.

நரைத்த தாடிக்காரர் மட்டும் அதில் கலந்துகொள்ளாமல் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். கிளம்பியது பத்துப் பேர். உட்கார்ந்திருப்பதும் பத்துப் பேர்.

நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போவார்கள்.